"எந்த மாசம் சார்?" – வரலாற்றுப் பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

பள்ளிப் பிள்ளைகளுக்கு வரலாற்றுப் பாடம் எழுதுகிறவர்களுக்கும், அதைச் சரிபார்க்கிறவர்களுக்கும், அதிலிருந்து வினாத்தாள் எடுக்கிறவர்களுக்கும்,

வணக்கம்.

டெல்டாவில் ஓர் அரசுப் பள்ளியில் முப்பது வருஷத்துக்கு மேல் வரலாறு நடத்தி ஓய்வுபெற்றவன் நான். உங்கள்மேல் எனக்குப் பொதுவாகப் புகார் எதுவும் கிடையாது. காகிதத்துக்குக் கணக்கு, பக்கத்துக்குக் கணக்கு, பாடவேளைக்குக் கணக்கு என்று மூன்று பக்கமும் கட்டிப்போட்டால் யார் எழுதினாலும் இப்படித்தான் வரும். என் மனக்குறை ஒரே ஒரு வரியைப் பற்றியது. 1279இல் குலசேகர பாண்டியன் மூன்றாம் இராஜேந்திரனை வென்றான், அத்தோடு சோழர் ஆட்சி முடிந்தது என்று வருமே, அந்த வரி. நான் படித்த புத்தகத்திலும் அது இருந்தது, நான் நடத்திய புத்தகத்திலும் இருந்தது, இப்போது என் பேரன் தூக்கிப்போகும் புத்தகத்திலும் ஏதோ ஒரு வடிவத்தில் இருக்கிறது. புக் பேக்கில் கோடிட்ட இடமாக வரும். குரூப் 4க்குப் படிக்கிறவர்கள் கைடில் மஞ்சள் பூசி வைத்திருப்பார்கள்.

ஒருநாள் அதைக் கரும்பலகையில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டு, "ஒரு மார்க்குக்கு வரும், குறிச்சிக்கோங்க" என்றேன். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "எந்த மாசம் சார்?" என்றாள்.

வகுப்பு சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்துவிட்டு, "அதெல்லாம் கேக்க மாட்டாங்க, உக்காரு" என்றேன். அவள் கேலிக்குக் கேட்டவள் இல்லை. விவசாயி வீட்டுப் பெண். தண்ணி திறந்தது, நாற்று விட்டது, அறுத்தது, கடன் கட்டியது எல்லாமே அவள் வீட்டில் மாசத்தோடுதான் பேசப்படும். ராஜ்யமே போயிருக்கிறது, மாசம் தெரியாமலா இருக்கும் என்று நினைத்திருப்பாள். அன்றைக்கு அவளை உட்காரச் சொன்னது இன்னும் உறுத்துகிறது. அந்த உறுத்தலில்தான் தேடினேன், தேடியதைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில், மாசம் கிடையாது. கங்கைகொண்ட சோழபுரத்தில் புலிக்கொடி இறங்கிய நாள் இது என்று சொல்லும் கல்வெட்டு எதுவும் இல்லை. கடைசிச் சோழன் எங்கே செத்தான், எப்படிச் செத்தான் என்று சொல்லும் கல்லும் இல்லை. 1279 என்பது ஒரு கூட்டல் கணக்கு. மூன்றாம் இராஜேந்திரன் பட்டத்துக்கு வந்தது 1246. அவன் பெயரில் வெட்டிய கல்வெட்டுகள் 33ஆம் ஆட்சியாண்டு வரைக்கும் வருகின்றன. 1246ஐயும் 33ஐயும் கூட்டினால் 1279. அதற்குமேல் அவன் பெயரில் யாண்டு எண் வரவில்லை. அவ்வளவுதான் ஆதாரம். நாம் "முடிந்தது" என்று எழுதுகிறோம். கல் சொல்வது, இதற்குமேல் இந்தப் பெயரில் எழுதவில்லை என்பது மட்டும்.

சரி, 1246 மட்டும் எப்படித் தெரிந்தது? இதைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லாமலே விட்டுவிட்டோம். டெல்டாவில் ஏதாவது ஒரு பழைய சிவன் கோயிலுக்குப் போய், கருவறையைச் சுற்றி வரும்போது அடித்தளத்தில் குமுதம், பட்டிகை என்று கல் வரிசைகளைப் பார்த்தால் எழுத்து ஓடும். சுண்ணாம்பு அடித்திருப்பார்கள், எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருக்கும், சில இடத்தில் மின்சாரப் பெட்டியை அதன்மேலேயே ஆணியடித்து மாட்டியிருப்பார்கள். கொஞ்சம் பொறுமையாகத் தடவிப் பார்த்தால் "திரிபுவனச் சக்கரவர்த்திகள்" என்று கை தடுக்கும். அப்புறம் ராஜா பெயர், "தேவர்க்கு யாண்டு" என்று ஓர் எண். அதற்குப் பின்னால் வருவதுதான் சாவி: இன்ன ராசி ஞாயிறு, பூர்வபட்சமோ அபரபட்சமோ, இன்ன திதி, இன்ன கிழமை, இன்ன நட்சத்திரம். கல்லிலேயே பஞ்சாங்கம் இருக்கிறது. ஒரு திதியும் ஒரு கிழமையும் ஒரு நட்சத்திரமும் ஒரே நாளில் சேர்ந்து வருவது அபூர்வம் என்பதால், வானத்தைப் பின்னோக்கிக் கணக்குப் போட்டு அந்த நாளைப் பிடித்துவிடலாம். கீல்ஹார்ன் என்ற ஜெர்மன்காரர் உட்கார்ந்து போட்டார். நம்மூர் எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை அதற்கென்றே பெரிய பெரிய பஞ்சாங்கத் தொகுதிகள் போட்டார். ஒரு ராஜாவின் ஏழெட்டுக் கல்வெட்டை இப்படிக் கணக்குப் போட்டால் அவன் பட்டமேறிய ஆண்டு கையில் வந்துவிடும்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இது புரியாதா? வீட்டில் நாட்காட்டியைக் கிழித்து, இன்றைக்குச் சஷ்டி, இன்றைக்குக் கிருத்திகை என்று பாட்டிக்குப் படித்துக் காட்டுகிற பிள்ளைக்கு இதுதான் சட்டென்று புரியும். 1279 என்று மொட்டையாகச் சொன்னால்தான் புரியாது.

இரண்டாவது விஷயம். முடிந்தது என்கிறோமே, எந்த முடிவு? சோழர் முடிந்த கதை ஒரு தடவை நடக்கவில்லை.

1219ஐ ஒட்டி மாறவர்மன் சுந்தர பாண்டியன் படையெடுத்து வந்தான். தஞ்சையும் உறந்தையும் எரிந்தன. மாடமும் மாளிகையும் இடித்து, கழுதையை ஏர் பூட்டி உழுது, நெல்லுக்குப் பதில் கவடி விதைத்தேன் என்று அவனுடைய மெய்க்கீர்த்தியே, அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் புகழ்ப்பாட்டே, சொல்லிக்கொள்கிறது. சோற்றுக்குப் பெயர்போன மண்ணில் கழுதையைக் கட்டி உழுது சோழியை விதைப்பது என்றால், அடிப்பதைவிடப் பெரிய அவமானம். முடிகொண்ட சோழபுரத்தில், சோழர் மண்டபத்திலேயே, வீராபிஷேகமும் செய்துகொண்டான். அத்தனை இடிப்பிலும் ஒரு பதினாறுகால் மண்டபத்தை மட்டும் தொடாமல் விட்டானாம். பட்டினப்பாலை பாடிய உருத்திரங்கண்ணனாருக்குக் கரிகாலன் கொடுத்த மண்டபம் என்பதால். திருவெள்ளறையில் அப்படி ஒரு பாட்டு கல்லில் இருக்கிறது. உண்மையோ, பாட்டுக்காரன் மெருகோ, வெற்றி பெற்றவன் தன்னைப் பற்றி இப்படிச் சொல்லக் கேட்க ஆசைப்பட்டிருக்கிறான் என்பதே எனக்குப் பெரிய செய்தி. பிறகு சோழன் வந்து பணிந்து நிற்க, நாட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனான். "சோணாடு வழங்கியருளிய" என்று பட்டம் போட்டுக்கொண்டான். பிடுங்கியதற்கு ஒரு பட்டம், கொடுத்ததற்கு ஒரு பட்டம்!

பன்னிரண்டு வருஷம் கழித்து அடுத்த கூத்து. மூன்றாம் இராஜராஜனைக் காடவர்கோன் கோப்பெருஞ்சிங்கன் பிடித்துச் சேந்தமங்கலத்தில் சிறைவைத்தான். தஞ்சைப் பெரிய கோயில் கட்டியவனின் பெயரைத் தாங்கிய ராஜாவைத் தனக்குக் கீழே இருந்த ஒரு குறுநிலத் தலைவன் பூட்டி வைத்துவிட்டான். கடலூர்ப் பக்கம் திருவயிந்திரபுரத்துக் கோயிலில், நாம் திருவந்திபுரம் என்கிறோமே, அங்கே இந்தக் கதை முழுக்கக் கல்லில் இருக்கிறது. சேதி ஒய்சளர் தலைநகரான துவாரசமுத்திரத்துக்குப் போகிறது. ஒய்சள நரசிம்மன், சோழமண்டலத்தை மறுபடி நிலைநிறுத்தியவன் என்ற பெயர் நிற்கும்வரை என் காளம் ஊதப்படாது என்று சபதம் போடுகிறான். அப்பணன், சமுத்திர கோப்பையன் என்ற இரண்டு தண்டநாயக்கர்கள் வந்து ஊர்களை எரித்து, காட்டை வெட்டி, சோழனை மீட்டுக்கொண்டு போகிறார்கள். கல்வெட்டைப் படிக்கிறபோது அந்தக் காளம்தான் எனக்குக் கண்ணில் நிற்கும். அரண்மனை மூலையில் ஊதாமல் கிடக்கும் ஒரு கொம்பு வாத்தியம், அண்டை நாட்டு ராஜா ஒருவனுக்காக. அந்த மீட்பைத்தான் நம் புத்தகங்கள் "ஒய்சளர் உதவியுடன்" என்று இரண்டு வார்த்தையில் முடிக்கின்றன.

இந்த இராஜராஜனுக்கு அடுத்து வந்தவன்தான் நம் கோடிட்ட இடத்து மூன்றாம் இராஜேந்திரன். ஆரம்பத்தில் சோம்பிக் கிடக்கவில்லை. உறவுமுறையில் மாமனான ஒய்சள சோமேசுவரனுக்கே எமதண்டம் என்று பட்டம் போட்டுக்கொண்ட ஆள். 1251க்கு மேல் மதுரையில் சடாவர்மன் சுந்தர பாண்டியன் தலையெடுத்ததும் ஆட்டம் மாறியது. சமயபுரத்துக்குப் பக்கத்துக் கண்ணனூரில் சோமேசுவரன் செத்தான். பாண்டியன் தில்லையிலும் திருவரங்கத்திலும் பொன் வேய்ந்தான். 1258ஐ ஒட்டி இராஜேந்திரன் கப்பம் கட்டுகிறவனாக ஆனான். அதற்கப்புறமும் இருபது வருஷம் சோழ நாட்டுக் கோயில்களில் அவன் பெயரில் யாண்டு எண் போய்க்கொண்டே இருக்கிறது, 33 வரை.

ஆக, சோழர் எப்போது முடிந்தார்கள்? 1219? 1231? 1258? 1279? நாலுமே தப்பில்லாத விடை. நாலு விடையில் மூன்றுக்கு நீங்கள் சிவப்பு மையில் சுழி போடச் சொல்கிறீர்கள். நானும் வருஷக்கணக்காகப் போட்டிருக்கிறேன்.

முடிந்த பிறகு ஊரில் என்ன ஆனது என்று பார்த்தால், கல்வெட்டு நிற்கவே இல்லை. அதே சுவரில், சில இடத்தில் அதே வரிசையில், "எம்மண்டலமும் கொண்டருளிய ஸ்ரீகுலசேகர தேவர்க்கு யாண்டு" என்று தொடர்கிறது. முன்னால் அதே "திரிபுவனச் சக்கரவர்த்திகள்". பட்டத்தைக்கூட மாற்றவில்லை. மூன்று உலகத்துக்கும் சக்கரவர்த்தி என்ற நாற்காலி அப்படியே இருந்தது, உட்கார்ந்தவர்தான் வேறு. விளக்கு எரிக்க நெய்யும், அதற்கு ஆடும், நிலத்துக்கு நாலு எல்லையும், இறை நீக்கிக் கொடுத்ததும் முன்போலத்தான். என் மாணவி கேட்ட மாசத்தில் வாய்க்காலில் தண்ணீர் வந்திருந்தால் நடவு நடந்திருக்கும்.

இடிபாடு பற்றியும் ஒன்று. கங்கைகொண்ட சோழபுரம் பாழானதற்குப் பாண்டியனை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை. 1836இல் கொள்ளிடத்துக்குக் கீழணை கட்டியபோது வெள்ளைக்காரப் பொறியாளர்கள் அந்தக் கோயில் மதிலைப் பிரித்துத்தான் கல் எடுத்தார்கள். தடுக்க வந்த ஊர்க்காரர்களைத் தண்டித்தார்கள், பதிலுக்குச் செங்கல் மதில் கட்டித் தருகிறோம் என்றார்கள், கட்டவில்லை. அந்த அணைத் தண்ணீரில்தான் எங்கள் பக்கம் கொஞ்சம் பேர் சோறு சாப்பிடுகிறோம். இதையெல்லாம் எந்தக் கோடிட்ட இடத்தில் நிரப்புவது?

இனி நான் உண்மையில் சொல்ல வந்ததற்கு வருகிறேன். இதுவரை சொன்னது நிலத்துக் கதை. 1279ஐக் கடல் பக்கமிருந்து பார்த்தால் வேறு ஆண்டாகத் தெரிகிறது.

அந்த வருஷம் மார்ச் 19ஆம் தேதி, தென்சீனத்தில் குவாங்தோங் கரையோரம் யாமென் என்ற நீரிணையில், சொங் அரசமரபின் கடைசிக் கப்பற்படை அழிந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட கப்பல்களை ஒன்றோடொன்று சங்கிலியால் பிணைத்து, நடுவில் ஏழெட்டு வயசுப் பிள்ளையான சக்கரவர்த்தியை வைத்துக்கொண்டு நின்றார்கள். மங்கோலியச் சக்கரவர்த்தி குப்ளாய் கானின் படை முதலில் அவர்கள் குடிநீர் எடுக்கும் வழியை அடைத்தது. காய்ந்த சோற்றைத் தின்று, கடல்தண்ணீரைக் குடித்து, வாந்தியெடுத்துக்கொண்டே சண்டை போட்டார்கள். முடியாது என்று தெரிந்ததும் லூ சியூஃபூ என்ற அமைச்சர், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கடலில் குதித்துவிட்டார். ஒரு லட்சத்துக்கு மேல் பிணம் மிதந்தது என்கிறது சீன வரலாற்றேடு.

இங்கே தேதி இருக்கிறது, கவனித்தீர்களா? அங்கே வம்சம் விழுந்தால் மாசம், நாள், எத்தனை கப்பல் என்று எழுதிவைக்க அரசாங்கத்திலேயே ஆள் இருந்தார்கள். நம்மிடம் கோயில்தான் ஆவணக் கொட்டாரம். கோயிலுக்கு நிலம் கொடுத்தால் எழுதும், ராஜா செத்தால் எழுதாது. என் மாணவிக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான். பதில் இல்லை என்பது தப்பில்லை. ஏன் இல்லை என்பதுதான் பாடம்.

அதே 1279இல், யாமென் சண்டை நடந்து நாலே மாதத்தில், சீனக் கணக்கில் ஆறாம் மாதம், குப்ளாயின் அவைக்குச் சம்பா (இன்றைய வியட்நாம் பக்கம்) நாட்டுத் தூதரும் மாபார் நாட்டுத் தூதரும் காணிக்கை கொண்டுவந்ததாக, குப்ளாயின் வம்சமான யுவானின் வரலாற்றேடு பதிந்திருக்கிறது. அரிய பொருள்கள், யானை ஒன்று, காண்டாமிருகம் ஒன்று. மாபார் என்றால் அரபு வணிகர்கள் நம் சோழமண்டல, பாண்டிக் கரைக்கு வைத்த பெயர். யானையை யார் கொண்டுவந்தார்கள், காண்டாமிருகத்தை யார் கொண்டுவந்தார்கள் என்று ஏடு பிரித்துச் சொல்லவில்லை. யாராக இருந்தாலும், இங்கிருந்து அங்கே போய்ச்சேர எத்தனை மாதம் ஆகும் என்று யோசித்தால் ஒன்று தெரியும்: சொங் பிள்ளைச் சக்கரவர்த்தி உயிரோடு இருந்தபோதே நம் தூதர்கள் குப்ளாயைப் பார்க்கக் கிளம்பியிருக்கிறார்கள். யார் ஜெயிப்பார்கள் என்று துறைமுகத்துக்கு முன்னாலேயே தெரிந்துவிடுகிறது!

குலசேகரன் சோழ நாட்டை எடுத்துக்கொண்டான் என்று நாம் சொல்லும் வருஷமும் அவன் கரையிலிருந்து போனவர்கள் உலகத்தின் மிகப்பெரிய ராஜாவின் அவையில் நின்ற வருஷமும் ஒன்றே. இதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

இன்னும் நெருங்கி வாருங்கள், நாகப்பட்டினத்துக்கு.

1330களில் இந்தப் பக்கம் வந்த வாங் தாயுவான் என்ற சீனப் பயணி, சமவெளியில் செங்கல்லாலான ஓர் உயர்ந்த கோபுரம் நிற்கிறது, அதில் சீன எழுத்தில், சியன்சுன் மூன்றாம் ஆண்டு எட்டாம் மாதம் வேலை முடிந்தது என்று பொறித்திருக்கிறது, இன்றளவும் அழியவில்லை என்று எழுதிவைத்தார். அந்த ஆண்டு 1267. சொங் ராஜா ஆண்டு. அதாவது இராஜேந்திரன் பெயரில் கோயில் சுவரில் யாண்டு 21, 22 என்று ஓடிக்கொண்டிருந்த காலத்தில் சீனாக்காரர்கள் தங்கள் ராஜாவின் யாண்டை நம் மண்ணில் செங்கல் கோபுரத்தில் பொறித்திருக்கிறார்கள். அது நாகப்பட்டினத்துக் கோபுரம்தான் என்பது ஆய்வாளர்கள் பொதுவாக ஏற்கும் கருத்து. புதுவெளிக் கோபுரம், சீனக் கோபுரம் என்றெல்லாம் ஜனங்கள் சொன்ன அந்த மூன்றடுக்குக் கட்டடத்தை 1867இல் இடித்தார்கள். அதற்குக் கொஞ்ச வருஷம் முன்னால், 1856இல், பக்கத்தில் ஒரு மரத்தை வெட்டியபோது வேருக்கடியில் புத்தர் செப்புத் திருமேனிகள் கிடைத்தன. பிறகு கிடைத்தவற்றையும் சேர்த்தால் 300ஐத் தாண்டும். பல எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

எதிர்க்கரைக்குப் போவோம். சுவான்சௌ. அரபிகள் ஜைத்தூன் என்றார்கள். அங்கே துறைமுகக் கண்காணிப்பாளராக இருந்த பூ ஷொகெங், முஸ்லிம் வணிகர் குடும்பத்துக்காரர், 1276இலேயே கட்சி மாறி மங்கோலியர் பக்கம் போய்விட்டார். அவர் கையிலிருந்த கப்பல்களும் போயின. சொங் கப்பற்படை கடைசியில் அப்படி மூலையில் போய் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்த ஊரில் 1956இல் ஒரு கல் கிடைத்தது. தமிழ்க் கல். சகாப்தம் 1203, சித்திரை மாதம் சித்திரை நாள். நம் கணக்கில் 1281 ஏப்ரல். தவச்சக்கரவர்த்திகள் என்கிற சம்பந்தப் பெருமாள், திருக்கதலீச்சரம் உடைய நாயனாரை அங்கே எழுந்தருளச் செய்தாராம். எதற்கு? "செகசைகான் திருமேனிக்கு நன்றாக." செச்சென் கான் என்பது குப்ளாயின் பட்டம். ராஜாவின் உடம்பு நன்றாக இருக்கட்டும் என்று சோழனுக்கும் பாண்டியனுக்கும் வேண்டிக்கொண்ட அதே வாசகத்தை, பெயரை மட்டும் மாற்றி, மங்கோலியக் கானுக்கு வெட்டியிருக்கிறார்கள். அதுவும் யார் உத்தரவில்? "செகசைகான் பர்மான்படி." பர்மான் பாரசீகச் சொல். சீன மண்ணில், தமிழ் எழுத்தில், சிவன் கோயிலுக்கு, பாரசீக வார்த்தையில் அனுமதி. கல்லின் அடியில் ஒரு வரி சீன எழுத்தும் உண்டு.

சோழன் போய் இரண்டு வருஷம், சொங் போய் இரண்டு வருஷம். இந்தக் கல்லில் ஒப்பாரி எங்கும் இல்லை. புது ராஜாவின் பர்மானை வாங்கி, நல்ல நாள் பார்த்து, சிவனைப் பிரதிஷ்டை பண்ணிவிட்டுக் கடையைத் திறந்திருக்கிறார்கள்.

இன்னொரு செய்தியையும் கேளுங்கள், இது எனக்கு ரொம்பப் பிடித்தது. அதே 1281இல் யாங் திங்பி என்ற சீனத் தூதர் கொல்லத்துக்குப் போவதற்காகச் சுவான்சௌவிலிருந்து கப்பலேறினார். மூன்று மாதம் ஓடி இலங்கைப் பக்கம் வந்தபோது காற்று எதிர்த்தது, கையிருப்புத் தீனியும் தீர்ந்தது. மாலுமிகள், மாபாருக்குத் திருப்புவோம், அங்கிருந்து தரைவழியாகக் கொல்லம் போய்விடலாம் என்றார்கள். நாலாம் மாதம் நம் கரையில் இறங்கினார். சுவான்சௌவில் சிவன் எழுந்தருளியதற்கும் இங்கே சீனத் தூதர் பசியோடு கரையேறியதற்கும் நடுவில் அதிகம் போனால் சில வாரம்.

இறங்கியவரைப் பார்க்க வந்த மாபார் மந்திரி என்ன சொன்னார் என்பதும் ஏட்டில் இருக்கிறது: நீங்கள் வந்தது ரொம்ப நல்லது, எங்கள் நாட்டுக் கப்பல் சுவான்சௌ போனால் உங்கள் அதிகாரிகள் எங்களை நன்றாகக் கவனித்திருக்கிறார்கள், அதற்குக் கைம்மாறு செய்ய வழியில்லாமல் இருந்தோம், இப்போது என்ன விஷயமாக வந்தீர்கள்? கொல்லத்துக்கு வழிகேட்டதும் அதே மந்திரி, வழி இல்லையே என்று மழுப்பிவிட்டார். இன்னொரு மந்திரியும் அப்படியே. விடியுமுன் ஆள் பார்க்காத நேரத்தில் இரண்டு மந்திரிகளும் மறுபடி வந்து உண்மையைச் சொன்னார்கள்: அரசர் ஐந்து சகோதரர்கள், எல்லாரும் ஓரிடத்தில் கூடியிருக்கிறார்கள், கொல்லத்தின்மேல் படையெடுக்க யோசனை நடக்கிறது. அந்த இடத்துக்கு ஏடு சொல்லும் பெயர் நம் காயல்தான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அந்த மந்திரிகளில் ஒருவர் பிற்பாடு சீனாவுக்கே குடிபோய்விட்டார்.

குலசேகரனின் "கொல்லங்கொண்டான்" பட்டத்தை மனப்பாடம் பண்ண வைக்கிறோமே, அந்தப் படையெடுப்புக்கு முன்னால் அரசவைக்குள் நடந்த குசுகுசுப்பு இங்கே காதில் விழுகிறது. விழுந்தும் நாம் பட்டத்தை மட்டும்தான் சொல்லிக்கொடுக்கிறோம்.

குதிரை வியாபாரம், பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃப் சொல்லும் ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரை, குதிரை ஒன்றுக்கு 220 செம்பொன் தினார், மார்க்கோ போலோ காயலைப் பற்றிச் சொன்னது இதெல்லாம் ஓரளவு உங்கள் புத்தகங்களில் வந்துவிடுகிறது. அதனால் விடுகிறேன்.

இப்படிச் சொன்னால் இரண்டு எதிர்ப்பு வரும். ஆசிரியர் ஓய்வறையிலேயே கேட்டவைதான். ஒன்று, பிள்ளைகளுக்குச் சுமை கூடிவிடும் என்பது. நான் கூட்டச் சொல்லவில்லை. சோழர் பாடத்தில் ராஜாக்களின் பட்டப்பெயர்ப் பட்டியல் அரைப்பக்கம் இருக்கிறது; அதை எடுத்துவிட்டால் இதற்கு இடம் கிடைத்துவிடும். இன்னொன்று, சோழர் பெருமையைக் குறைக்கிறீர்கள் என்பது. போன வருஷம் ஒரு திருமண வீட்டுப் பந்தியில் இதையே பேசப்போய், பக்கத்து இலைக்காரர் பாயசத்தைக்கூடத் தொடாமல் எழுந்துபோய்விட்டார். அவர் கோபம் எனக்குப் புரிகிறது. கடாரம் கொண்டவன் வம்சம் இப்படிச் சத்தமில்லாமல் கரைந்தது என்றால் யாருக்கும் மனசு கேட்காது. துரோகமோ சூழ்ச்சியோ இருந்தால் தேவலை என்றிருக்கும். இணையத்தில் அதற்குத் தினமும் ஒரு காணொளி வருகிறது. புத்தகம் ஒற்றை வரியில் கதவை மூடுவதால்தான் அந்தக் கடைகள் ஓடுகின்றன.

நான் கேட்பது கொஞ்சம்தான். அந்த வரியை எடுக்க வேண்டாம். அதன் கீழே ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள்: 1279 என்று நமக்கு எப்படித் தெரியும் என்று ஐந்தே வரி, கல்வெட்டின் ஒரு படியெடுப்புப் படம், அதில் "யாண்டு" என்ற சொல்லைச் சுற்றி ஒரு வட்டம். எதிர்ப்பக்கத்தில் வங்காள விரிகுடாவிலிருந்து தென்சீனக் கடல் வரை ஒரு வரைபடம்: நாகப்பட்டினம் 1267, யாமென் 1279, சுவான்சௌ 1281. சுவான்சௌவை யுனெஸ்கோ 2021இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துவிட்டது, அதனால் நல்ல படம் கிடைப்பது கஷ்டமில்லை. அங்கே கையுவான் கோயில் தூண்களில் நம் கண்ணன் கதைச் சிற்பங்கள் இருக்கின்றன, அதையும் ஒன்று சேர்த்துக்கொள்ளலாம்.

வினாத்தாள் எடுப்பவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். சோழர் ஆட்சி முடிந்த ஆண்டு எது என்பதை ஒரு மதிப்பெண்ணுக்குக் கேட்பதை விட்டுவிட்டு, ஐந்து மதிப்பெண்ணுக்கு இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "மூன்றாம் இராஜேந்திரன் 1246இல் பட்டம் ஏற்றான். அவன் பெயரில் கிடைக்கும் கடைசிக் கல்வெட்டு 33ஆம் ஆட்சியாண்டு. இதிலிருந்து உறுதியாகச் சொல்லக்கூடியது என்ன? சொல்ல முடியாதது என்ன?" திருத்துவது கஷ்டம், தெரியும். விடைக்குறிப்பில் "பொருத்தமான எந்த விடைக்கும் மதிப்பெண் வழங்குக" என்று ஒரு வரி சேர்த்தால் எங்கள் ஆட்கள் சமாளித்துக்கொள்வார்கள்.

திருவந்திபுரத்துக் கல்வெட்டு வாசகமும் சுவான்சௌ கல்லின் வாசகமும் பெரிய எழுத்தில் தட்டச்சு செய்து, அருஞ்சொற்பொருளோடு வைத்திருக்கிறேன். வகுப்புக்காகப் பண்ணியது. தேவைப்பட்டால் அனுப்புகிறேன். பெயர் போட வேண்டாம்.

இப்படிக்கு,
டெல்டாவிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்